ஒரே தாளில் நூறு அட்டைகள். ஒன்றுக்கு மட்டும் நூறு கோடி

வாசகர் கேள்வி – பதில்

1952-ஆம் ஆண்டில் அச்சான ஒரு பேஸ்பால் அட்டை (விளையாட்டு வீரரின் படம் போட்ட, சேகரிப்பதற்கான சிறு அட்டை), 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோன செய்தியைச் சென்ற இதழின் துணுக்குப் பகுதியில் வெளியிட்டிருந்தோம். அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறக்குறைய 100 கோடி ரூபாய். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

அந்த அட்டையில் அப்படி என்ன இருக்கிறது? அந்த விளையாட்டு வீரருடைய முதல் அட்டை என்பதாலா, மிகக் குறைவாக அச்சடித்தார்கள் என்பதாலா? — சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை

இரண்டுமே இல்லை. அட்டையில் இருப்பவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில். அவருடைய முதல் அட்டையை முந்தைய ஆண்டான 1951-இல் போமன் என்ற வேறொரு நிறுவனம் வெளியிட்டுவிட்டது. நாம் பேசுகிற அட்டை, பபிள்கம் விற்றுவந்த டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட 407 அட்டைகள் கொண்ட வரிசையில் 311-ஆம் எண். குறைவாக அச்சானது என்பதும் சரியல்ல. அந்த வரிசையின் கடைசிப் பகுதி 311 முதல் 407 வரை, அதாவது 97 அட்டைகள். அச்சுத் தாளிலோ 100 இடங்கள் இருந்தன. மிஞ்சிய மூன்று இடங்களைக் காலியாக விடாமல் 311, 312, 313 ஆகிய மூன்று எண்களை இரண்டு முறை வைத்து நிரப்பினார்கள். ஆகவே அந்தப் பகுதியில் உள்ள மற்ற 94 வீரர்களோடு ஒப்பிட்டால், மேன்டில் இரண்டு மடங்கு அச்சானவர்.

பிறகு எப்படி இந்த விலை? அந்தக் கடைசிப் பகுதி கடைகளுக்கு வந்துசேர்ந்தபோது பேஸ்பால் பருவம் முடிகிற நேரமாகிவிட்டது. சிறுவர்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் போய்விட, பெட்டிகள் விற்காமல் தேங்கின. புரூக்ளினில் இருந்த கிடங்கில் பல ஆண்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்தச் சரக்கை 1960 வாக்கில் ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்ததாக டாப்ஸின் சை பெர்கர் பின்னாளில் கூறியிருக்கிறார். தம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வுடி கெல்மன் என்பவரோடு சேர்ந்து அந்த அட்டைகளை வடிவமைத்தவரும் இதே பெர்கர்தான் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த வடிவமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் வண்ணமேற்றிய படம், அதன் கீழே பெயர், வீரரின் கையெழுத்து நகல், அணியின் சின்னம். பின்பக்கத்தில் உயரம், எடை, வாழ்க்கைக் குறிப்பு, கடந்த ஆண்டின் ஆட்டக் கணக்கு, வாழ்நாள் கணக்கு. இன்று வெளிவரும் விளையாட்டு அட்டைகளும் ஏறத்தாழ இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. அளவு மட்டும் 1957-இல் இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாகக் குறுகி, உலகெங்கும் அதுவே நிலைத்துவிட்டது.

ஏலத்தில் போன அந்தப் பிரதி, 1980-களில் பிரிக்கப்படாமல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சரக்குத் தொகுதியிலிருந்து வந்தது. சிறுவர் கையில் படாததால் அதன் நான்கு மூலைகளும் கூர் மழுங்காமல் இருந்தன. 1991-இல் 50,000 டாலருக்கு அதை ஒருவர் வாங்கியபோதே அதிக விலை கொடுத்துவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு. போருக்குப் பிந்தைய தலைமுறைச் சிறுவர்கள் வளர்ந்து, கையில் பணம் சேர்ந்து, தாங்கள் தொலைத்ததைத் தேட ஆரம்பித்த காலம் அது. அச்சான எண்ணிக்கையைவிட, அந்தத் தேடலுக்கு முன்னால் எத்தனை பிரதிகள் பழுதில்லாமல் தப்பின என்பதுதான் விலையைத் தீர்மானித்தது.

நாங்கள் நான்கு வண்ண ஆஃப்செட்டில் காலண்டரும் லேபிளும் அடிக்கிறோம். இந்த அட்டைகள் அச்சாகும் முறையில் எங்கள் வேலையிலிருந்து என்ன வித்தியாசம்? — சிவகாசியிலிருந்து ஓர் அச்சக ஊழியர்

அடிப்படையில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. அதே நான்கு பிளேட்டுகள், நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்தும் அதே ரெஜிஸ்டர் தலைவலி. வித்தியாசம் தாளிலும், வெட்டிலும், அச்சான பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மூடி விற்கும் பைகளில் எதை எதில் போடுவது என்ற கணக்கிலும் இருக்கிறது.

முதலில் தாள். மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டை 1993-இல் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டபோது, அச்சு வேலை பெல்ஜியத்தில் உள்ள கார்ட்டா முண்டி என்ற சீட்டுக்கட்டு ஆலைக்குப் போனது. விளையாட்டுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாலும் எதிராளிக்கு அது என்ன சீட்டு என்று தெரியக்கூடாது. அதற்காக இரண்டு தாள்களுக்கு நடுவே அடர்நிறப் பசைப்படலம் ஒன்றை வைத்து ஒட்டுவார்கள். மேஜிக் அட்டை ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரியும். உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கிற ஆர்ட் போர்டில் அந்தப் படலம் இல்லை. போலி அட்டைகள் பெரும்பாலும் இங்கேதான் முதலில் மாட்டிக்கொள்கின்றன.

அடுத்தது புள்ளிகள். பத்து மடங்கு, முடிந்தால் முப்பது மடங்கு பெரிதாக்கும் லூப்பை அசல் அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். படப்பகுதியில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான பூவட்டங்களாக நிற்கும். எழுத்துகளும் கறுப்புக் கோடுகளும் மட்டும் புள்ளியே இல்லாத கெட்டிக் கறுப்பாக, கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அசல் ஆலையில் கறுப்புக்குத் தனிக் கோப்பு உண்டு. போலி செய்பவரிடம் ஓர் அட்டையை ஸ்கேன் செய்த படம் மட்டுமே இருப்பதால், எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளிகளாகச் சிதறிவிடும். மேஜிக் அட்டையின் பின்பக்கத்தில் ஐந்து வண்ண வட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் நிற்பதை லூப்பில் காணலாம். கண்ணுக்கே புலப்படாத அந்த நான்கு புள்ளிகளை வைத்துத்தான் வியாபாரிகள் பல ஆயிரம் டாலர் பேரங்களை முடிக்கிறார்கள்.

பளபளக்கும் அட்டைகளில், பொதுவாக ஃபாயில் ஒட்டிய அட்டையின் மேலேயே அச்சடிக்கிறார்கள். மின்னக்கூடாத இடங்களில் முதலில் வெள்ளை மை பூசி மறைத்துவிட்டு, அதன் மேல் நான்கு வண்ணங்களை ஏற்றுவார்கள். வெள்ளை பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் உருவத்தின் ஓரத்தில் தேவையில்லாத மினுமினுப்பு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக வெட்டு. வெளியாருக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சேகரிப்பாளருக்கு எல்லாமே இதில்தான். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் இடப்பக்கம் 2 மில்லிமீட்டரும் வலப்பக்கம் 3 மில்லிமீட்டரும் இருந்தால் உங்கள் காலண்டர் வாடிக்கையாளர் கவனிக்கவே மாட்டார். இங்கே அந்த ஒரு மில்லிமீட்டர் விலையில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் அக்காலத்தில் கத்திக்குப் பதிலாகக் கம்பியால் தாள்களை அறுத்ததால், 1979-இல் அது வெளியிட்ட ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை உட்பட, அந்த அட்டைகளின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பைக் குறையாகக் கருதாமல், யாரும் பின்னால் நறுக்கவில்லை என்பதற்கான சான்றாக இன்று எடுத்துக்கொள்கிறார்கள். மேஜிக்கின் ஆல்ஃபா என்ற முதல் பதிப்பில் மூலைகளை வளைவாக வெட்டிய டை (வெட்டும் அச்சு), அடுத்து வந்த பீட்டா பதிப்பின் டையைவிடச் சற்று அதிகம் வளைந்தது. இன்று இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஓர நிறமும் பின்னால் விலையாக வந்து நிற்கும். டாப்ஸ் 1971-இல் கறுப்பு ஓரம் வைத்தது. பார்க்க மிக அழகு. ஆனால் நகம் பட்டாலே உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும் என்பதால், அந்த ஆண்டு அட்டைகளில் பழுதில்லாதவை அரிதாகிவிட்டன. அந்த வடிவமைப்பைப் போட்டவர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய விலையை நினைத்திருக்க மாட்டார்.

பை பையாக வாங்கிப் பிரித்தாலும் அரிய அட்டை வருவதே இல்லை. இது அதிர்ஷ்டமா, ஆலையிலேயே முடிவு செய்து வைத்ததா? — கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

எந்த அட்டை எவ்வளவு அரிது என்பதை ஆலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். அது எந்தப் பையில் போய் விழுகிறது என்பது மட்டும் உங்கள் அதிர்ஷ்டம். மேஜிக்கில் பொது அட்டைகளுக்கு ஒரு தாள், நடுத்தரத்துக்கு ஒரு தாள், அரியவற்றுக்கு ஒரு தாள் எனத் தனித்தனியாக, தாளுக்கு 11 வரிசை, 11 நிரல் என்று 121 அட்டைகள் அச்சாயின. அப்போது 15 அட்டைகள் கொண்ட ஒரு பையில் 11 பொது, 3 நடுத்தரம், ஒன்று மட்டும் அரியது. 1993-இல் வந்த ஆல்ஃபா பதிப்பின் மொத்த அச்சு ஏறத்தாழ 26 லட்சம் அட்டைகள். அதில் அரிய அட்டை ஒவ்வொன்றும் சுமார் 1,100 பிரதிகள் வந்தன. விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய கணக்கில் ஒருவர் கொஞ்சம் பைகள்தாம் வாங்குவார், ஓர் ஊருக்குள் வலிமையான அட்டைகள் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும், ஆகவே விளையாட்டின் சமநிலை கெடாது. பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்படிச் சுமார் 1,100 பிரதிகள் அச்சான அரிய அட்டைகளில் ஒன்றுதான் பிளாக் லோட்டஸ். கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த ஒரு கறுப்புத் தாமரை. 2024-இல் மிக உயர்ந்த தரச்சான்று பெற்ற ஆல்ஃபா பிரதி ஒன்று தனிப்பேரத்தில் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆலை திட்டமிட்டு உண்டாக்கும் அரிய தன்மைக்கும், கடலில் கொட்டியதால் உண்டான அரிய தன்மைக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது ஒரு நிறுவனத்தின் வாக்கை நம்பி நிற்கிறது. 1995-இல் பழைய மேஜிக் அட்டைகள் பலவற்றை அந்த நிறுவனம் மறுபடி அச்சடித்தபோது, அவற்றின் விலை சரிந்து சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1996-இல் 'இந்தப் பட்டியலில் உள்ளவற்றை இனி அச்சடிக்க மாட்டோம்' என்று நிறுவனம் உறுதியளிக்க வேண்டியதாயிற்று. பிளாக் லோட்டஸின் விலை இன்றும் அந்த உறுதிமொழியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் 'உலகில் ஒன்றே ஒன்று' என்று எண்ணிட்ட அட்டைகளைப் பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒன்றுகளை ஆண்டுதோறும் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். ஆகவே பையைப் பிரிப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி இருந்தால் பிரியுங்கள். ஒரு குறிப்பிட்ட அட்டைதான் வேண்டும் என்றால் அதைத் தனியாக விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் மலிவு.

தரச்சான்று வாங்கினால் விலை பல மடங்கு ஏறும் என்கிறார்களே, அதை எப்படி மதிப்பிடுகிறார்கள்? நம்பலாமா? — சென்னையிலிருந்து ஒரு வங்கி அலுவலர்

அட்டைகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனங்களில், 1991-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிஎஸ்ஏ முதன்மையானது. பெக்கெட், எஸ்ஜிசி, சிஜிசி ஆகியவையும் உண்டு. அட்டையை அனுப்பினால் அது அசலா, நறுக்கவோ வண்ணம் தீட்டவோ பட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்ற நான்கையும் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். 10 வாங்க, முன்பக்கத்து எதிரெதிர் ஓரங்கள் ஏறத்தாழ 55-க்கு 45 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். எந்த அட்டைக்கு எந்த மதிப்பெண் எத்தனை முறை வழங்கப்பட்டது என்ற பட்டியலையும் வெளியிடுகிறார்கள். விலை பேசுகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு மதிப்பெண் எவ்வளவு பணம் என்பதற்கு மேன்டில் அட்டையே சாட்சி. 2021 ஜனவரியில், பிஎஸ்ஏவிடம் 9 வாங்கிய பிரதி ஒன்று 52 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏலத்தில் நாம் முதலில் சொன்ன விலையை எட்டிய பிரதிக்கு வேறு நிறுவனம் தந்த மதிப்பெண் 9.5. இடையில் சந்தை மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் அந்த அரைப் புள்ளிக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரு வரலாற்றைத்தான் பதிலாகத் தர முடியும். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்ட அட்டை வரிசையில் பிட்ஸ்பர்க் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை வெகு சீக்கிரம் நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலை வாங்க இது தூண்டும் என்று அவர் மறுத்ததாகச் சிலரும், பணம் தராததால் மறுத்ததாகச் சிலரும் சொல்வார்கள். இன்று அறுபது பிரதிகள் அளவில்தான் இருக்கின்றன. 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அவற்றுள் மிக அழகான பிரதியை 1991-இல் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் சோத்பி ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ தன் முதல் வரிசை எண்ணை வழங்கி 8 மதிப்பெண் தந்தது அந்த அட்டைக்குத்தான். அதன் ஓரங்கள் நறுக்கப்பட்டவை என்ற முணுமுணுப்பு நெடுங்காலம் இருந்தது. முன்பு அதைக் கையாண்ட ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, தாம்தான் நறுக்கினேன் என்று 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நறுக்கிய அட்டைக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்பது விதி.

இதனால் சான்றே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நேரில் பார்க்காமல் கடல்தாண்டி வாங்குகிறவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சான்றிடும் கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்து அட்டையின் விலையைத் தாண்டிவிடுமானால் அனுப்பாதீர்கள். சாதாரண அட்டைக்கு 9 கிடைப்பதால் அது சாதாரண அட்டை அல்லாமல் போய்விடாது.

என் கணவர் 1990-இல் வாங்கிய பேஸ்பால் அட்டைப் பெட்டிகள் பிரிக்காமல் நிலவறையில் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டு பழைய சரக்கு என்பதால் நல்ல விலை வருமா? — நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி

வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்: வராது. பழைய அட்டைகள் லட்சக்கணக்கில் விற்கின்றன என்ற செய்தி பரவிய பிறகு, ஏறத்தாழ 1987 முதல் 1993 வரை, அமெரிக்காவில் எல்லாருமே எதிர்காலத்துக்காக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், நிறுவனங்களும் அதற்கேற்ப அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்?

அந்தக் காலத்துச் சரக்கில் பேர் சொல்லும் அட்டை, அப்பர் டெக் நிறுவனம் தன் முதல் வரிசையில் 1989-இல் முதல் எண்ணாக வெளியிட்ட கென் கிரிஃபி ஜூனியர். கனத்த வெள்ளை அட்டை, போலியைத் தடுக்கப் பின்பக்கத்தில் ஹோலோகிராம், பிரித்தால் தெரிந்துவிடும் ஃபாயில் பை என்று அந்த நிறுவனம் தொழிலின் தரத்தையே உயர்த்தியது. அப்போது கிரிஃபி உயர்மட்டப் போட்டியில் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. அவர் அணிந்திருந்த கீழ்மட்டப் போட்டி அணியின் தொப்பியை சியாட்டில் மரினர்ஸ் தொப்பியாக மாற்றி வரைந்து அச்சேற்றினார்கள். பிஎஸ்ஏ 10 வாங்கிய பிரதிகள் மட்டும் அதற்கு 4,000-த்தைத் தாண்டும். உங்கள் பெட்டிகள் 1990-ஆம் ஆண்டினவை என்பதால் அதுவும் அவற்றில் இருக்காது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

எண்பதுகளில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். மதிப்பு உண்டா? — மதுரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

பின்பக்கத்தில் ரன்னும் விக்கெட்டும் அச்சிட்டு, சேர்த்துக் கொடுத்தால் பரிசு தருவதாக வந்தவை அவை. பரிசுக்காகத் திருப்பிக் கொடுத்தவை போக, மிஞ்சியவை பெரும்பாலும் கால்சட்டைப் பையிலேயே கசங்கிப்போயின. தப்பியவை எவ்வளவு குறைவோ, தேடுகிறவர்களும் அவ்வளவு குறைவு. ஒழுங்கான ஏலப் பதிவுகள் இல்லாத பொருளுக்கு, கேட்கிறவர் சொல்வதுதான் விலை. அவசரப்பட்டு விற்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். செல்லோ டேப்பும் பசையும் மட்டும் கூடவே கூடாது.

திருவிழாக் கடையில் பேரனுக்குத் தங்கநிறப் போகிமான் அட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன். நூறு ரூபாய்க்குள்தான். இவை அசலா? — தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா

அசல் அல்ல. போகிமான் அட்டை விளையாட்டு 1996-இல் ஜப்பானிலும், 1999-இல் ஆங்கிலத்தில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அதன் வழக்கமான அட்டை மேலே சொன்னதுபோல் தாளால் ஆனது. அதிகாரபூர்வமான தங்க அட்டைகளும் உண்டு என்பது உண்மை: 1999-இல் பர்கர் கிங் உணவகங்கள் தங்க முலாம் பூசிய உலோக அட்டைகள் ஆறு வகை விற்றன. உங்கள் பெட்டியில் உள்ளவையோ தங்கநிறத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக். வேறு ஏதாவது தாள் அட்டையில் ஐயம் வந்தால், கைப்பேசி விளக்கை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஒளி தாராளமாக ஊடுருவினால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எழுத்துப் பிழை, வெளிறிய பின்பக்க நீலம் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். பேரன் விளையாடுவதற்கு இவை எதுவும் தடையல்ல. அவன் வளர்ந்து, இவற்றை நல்ல அட்டைக்கு மாற்றாகக் கொடுக்கப் போகும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.